தகரம் எங்கிருந்து கிழியும்?

எல்கடுவப் பக்கம் காற்றுக் காலத்தில் இரவு தங்கினவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். லயத்துக் கூரைத் தகரம் டப் டப் என்று அடித்துக்கொண்டே கிடக்கும். ஒரு வருஷம் ஒன்றும் ஆகாது. மூன்று வருஷமும் ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு நாள், புயல்கூட இல்லை, சாதாரணக் காற்றுக்கே தகரம் பிய்த்துக்கொண்டு தேயிலைக்குள் போய் விழும். விடிந்து ஏறிப் பார்த்தால் ஆணி மரத்தில் அப்படியே இருக்கும். அதைச் சுற்றி இருந்த தகரம்தான் கிழிந்திருக்கும். "காத்து தூக்கிட்டுப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். உண்மையில் அந்த ஓட்டையின் ஓரத்தில் கிழிசல் தொடங்கி எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். ஏறிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை விமானங்களைப் பற்றியது. எங்கள் குழுவில் ஒருவரின் அக்கா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போன நாளில், வழியனுப்ப வந்த அம்மாயி ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பிளேனு எத்தன வருசம் பழசு? ஏத்துறதுக்கு முன்னாடி யாராச்சும் அத நல்லாப் பாக்குறாங்களா?" வேனில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டோம். பிறகு வாசிக்கத் தொடங்கினபோதுதான் புரிந்தது: 70 வருஷமாக உலகத்தின் பெரிய பொறியியலாளர்கள் தலையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. பார்க்கிறார்கள் அம்மாயி. சட்டப்படி பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் சும்மா வரவில்லை.

கொழும்புக்கு வந்த கொமெட்

1952 மே 2ஆம் திகதி லண்டனிலிருந்து ஜொகன்னஸ்பேர்க் நோக்கி ஒரு விமானம் கிளம்பியது. பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒழுங்கான சேவையில் பறந்த உலகின் முதல் ஜெட் அதுதான். பிரித்தானியாவின் டி ஹவிலண்ட் நிறுவனம் கட்டிய கொமெட். அதே ஆண்டு ஓகஸ்ட் 11இல் லண்டன்–கொழும்பு கொமெட் சேவையும் தொடங்கியது. ஆக, உலகத்தில் ஜெட் விமானம் வந்திறங்கிய முதல் நகரங்களில் நம்முடைய கொழும்பும் ஒன்று.

கொமெட் மற்ற விமானங்களைவிட ரொம்ப உயரத்தில், 35,000 அடிக்கு மேலேகூடப் பறந்தது. அந்த உயரத்தில் மனிதர் மூச்சுவிடக் காற்றுப் போதாது. அதனால் உடற்பகுதிக்குள் காற்றை அடைத்து அழுத்தம் ஏற்றவேண்டும். மேலே போனால் வண்டி பலூன் மாதிரிச் சற்று உப்பும், கீழே வந்தால் பழைய நிலைக்குச் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் அது நடக்கும். கொமெட்டின் மெல்லிய அலுமினியத் தோலில் ஒவ்வொரு சதுர மீற்றர் மீதும் உள்ளிருந்து 5 தொன்னுக்கு மேல் அழுத்தம்.

முதல் சேவை தொடங்கிச் சரியாக ஒரு வருஷம். 1953 மே 2. சிங்கப்பூரிலிருந்து லண்டன் போய்க்கொண்டிருந்த ஒரு கொமெட், கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்திலிருந்து மேலெழுந்த சில நிமிடங்களில் இடிமழைக்குள் சிதறி விழுந்தது. 43 பேரும் இறந்தார்கள். இந்தியாவில் நடந்த விசாரணை, கடும் புயல்காற்றில் விமானத்தின் கட்டமைப்பு உடைந்ததாக முடிவு செய்தது. அன்றைக்கு வானிலை உண்மையிலேயே மோசம்தான். அந்த முடிவை நாங்கள் இங்கிருந்து மறுக்கப்போவதில்லை. ஆனால் "காற்று" என்று ஒரு விடை கிடைத்ததும் மற்ற கொமெட்கள் வழக்கம்போலப் பறந்துகொண்டிருந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1954 ஜனவரி 10. ரோமிலிருந்து கிளம்பிய கொமெட் ஒன்று இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே, நல்ல வானிலையில், கடலில் விழுந்தது. 35 பேர். இந்தத் தடவை பழிபோடப் புயல் இல்லை. கொமெட்களைத் தரையில் நிறுத்தினார்கள். ஒரு குழு கூடி, தீயாக இருக்கலாம், இயந்திரமாக இருக்கலாம் என்று ஒவ்வொன்றாக ஊகித்து, ஏராளமான திருத்தங்களைச் செய்யச் சொன்னது. மார்ச் 23ஆம் திகதி மறுபடி பறக்க விட்டார்கள். 16 நாள்தான். ஏப்ரல் 8ஆம் திகதி நேப்பிள்ஸ் பக்கத்துக் கடலில் இன்னொரு கொமெட், இன்னும் 21 பேர்.

அதற்குப் பிறகுதான் கொமெட்டின் பறப்புச் சான்றிதழ் பறிக்கப்பட்டது.

தண்ணீர்த் தொட்டி

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிலையம் அடுத்துச் செய்தது எளிமையான ஒரு வேலை. எளிமை என்றால் யோசனையில்தான், அளவில் இல்லை. ஒரு முழுக் கொமெட்டைக் கொண்டுவந்து, இறக்கைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உடற்பகுதியை ஒரு பெரிய தொட்டிக்குள் வைத்தார்கள். உள்ளேயும் வெளியேயும் தண்ணீரை நிரப்பினார்கள். உள்ளே அழுத்தத்தை ஏற்றுவது, இறக்குவது, மறுபடி ஏற்றுவது. இரவு பகலாக இதே வேலை. காற்றுக்குப் பதிலாக ஏன் தண்ணீர்? அடைத்த காற்று உடைந்தால் குண்டு மாதிரி வெடித்து ஆதாரத்தையே சின்னாபின்னமாக்கும். தண்ணீர் அப்படிச் சுருங்கி விரியாது. உடைந்த இடம் உடைந்தபடி கிடைக்கும்.

அந்த விமானம் ஏற்கெனவே பறந்தவை 1,221 பயணங்கள். தொட்டிக்குள் மேலும் 1,836. மொத்தம் 3,057 ஆனபோது, ஜூன் மாதம், உடற்பகுதி கிழிந்தது. கிழிசல் தொடங்கிய இடம் ஒரு திறப்பின் மூலை, ரிவெட் ஓட்டையின் அருகே. இதற்கிடையில் எல்பா கடலடியிலிருந்து கடற்படை துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்ததில் விமானத்தின் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. அதன் கூரையில், வானொலி அன்டெனாவுக்காக வெட்டியிருந்த சிறு ஜன்னலின் மூலையிலும் அதே கதை. எல்பாவில் விழுந்தது அதுவரை பறந்தது 1,290 பயணங்கள். நேப்பிள்ஸில் விழுந்தது வெறும் 900.

தயாரித்தவர்கள் சோதிக்காமல் விட்டார்களா? இல்லை. உடற்பகுதியின் ஒரு துண்டை எடுத்து அழுத்தம் ஏற்றி இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். அது 16,000 தடவைக்கும் தாக்குப்பிடித்தது. ஆனால் அதே துண்டு முந்தைய ஒரு சோதனையில் மிக அதிக அழுத்தத்துக்கு ஆளாகியிருந்தது. அந்த மிகை அழுத்தம் ஓட்டைகளின் ஓரத்தில் உலோகத்தை இறுக்கி, விரிசல் தொடங்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டது. சோதனைத் துண்டு பயணிகள் விமானத்தைவிட வலுவாகிப்போனது. நேர்மையாகச் செய்த சோதனைதான், ஆனால் தவறான நம்பிக்கையைத் தந்தது.

இதற்குப் பெயர் உலோகச் சோர்வு. ஒரு கம்பியை ஒரு தடவை வளைத்தால் உடையாது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் பட்டென்று உடையும். ஒவ்வொரு சுமையும் தனியாகப் பார்த்தால் உலோகம் தாங்கக்கூடியதுதான். ஆனால் ஓட்டை, மூலை, கீறல் என்று சுமை ஒன்றுகூடும் இடத்தில் மயிரிழை அளவில் ஒரு விரிசல் பிறக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் கொஞ்சம் வளரும். ஒரு கட்டம்வரைக்கும் மெதுவாக, அந்தக் கட்டத்தைத் தாண்டினால் ஒரே நொடியில். ஆகவே விமானத்தின் வயதை வருஷத்தால் மட்டும் அளக்க முடியாது. எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று எண்ண வேண்டும். அம்மாயி கேட்ட கேள்வியில் நாங்கள் செய்யக்கூடிய ஒரே திருத்தம் அதுதான்.

"ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கும்"

கொமெட்டிலிருந்து எல்லாரும் பாடம் படித்தார்கள். மூலைகளை வளைவாக்கினார்கள். தோலைத் தடிப்பாக்கினார்கள். ஒரு பாகம் உடைந்தாலும் பக்கத்தில் இருப்பது சுமையைத் தாங்கும்படி வடிவமைத்தார்கள். இனிப் பயமில்லை என்று நினைத்தார்கள்.

1977 மே 14. சாம்பியாவின் லுசாகாவில் தரையிறங்க வந்த ஒரு போயிங் 707 சரக்கு விமானத்தின் வால் பக்கக் கிடைத்தளம், வலது புறம், பிய்ந்து விழுந்தது. அதிலிருந்த 6 பேரும் இறந்தார்கள். அந்தப் பாகம் "ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கும்" முறையில் கட்டப்பட்டதுதான். தாங்கவும் செய்தது, கொஞ்ச காலம். ஆனால் முதலாவது உடைந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்க்கும்படி எந்தப் பரிசோதனையும் அந்த இடத்துக்கு ஒழுங்காக வகுக்கப்படவில்லை. விபத்துக்குப் பிறகு இதே வகை வால் கொண்ட 521 விமானங்களைத் திறந்து பார்த்தபோது 38இல் விரிசல் இருந்தது. எல்லாம் அதுவரை பயணிகளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு பறந்தவை.

இங்கேதான் சிந்தனை மாறுகிறது. அடுத்த ஆண்டு, 1978இல், அமெரிக்காவின் விதிகளில் ஒரு புதிய அடிப்படை வந்தது. விரிசல் வராது என்று நிரூபிக்க முயலாதே. வரும் என்று வைத்துக்கொள். எங்கே வரும், எவ்வளவு வேகமாக வளரும், எந்த அளவில் ஆபத்தாகும் என்று கணக்குப் போடு. கண்டுபிடிக்கக்கூடிய அளவிலிருந்து ஆபத்தான அளவுக்குப் போக எத்தனை பயணம் ஆகுமோ, அதற்குள் ஒரு தடவை தவறினாலும் இன்னொரு தடவை பிடிபடும்படி பரிசோதனைக்கு இடைவெளி வகு.

பரிசோதனை என்றால் டோர்ச் அடித்துப் பார்ப்பது மட்டும் இல்லை. பூட்டிய பாகங்களைக் கழற்றுவார்கள், பெயின்டை உரிப்பார்கள். சிவப்புச் சாயம் பூசித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி தெளித்தால், விரிசலுக்குள் ஒளிந்திருந்த சாயம் கசிந்து கோடாகத் தெரியும். சுருள் கம்பி வைத்த ஒரு சின்னக் கருவியால் உலோகத்துக்குள் சுழல்மின்னோட்டத்தை உண்டாக்கினால், விரிசல் இருக்கும் இடத்தில் ஓட்டம் தடுமாறி, காட்டி மாறும். மீயொலி அனுப்பி எதிரொலி கேட்பது இன்னொரு வழி. ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும், பெரும்பாலும் இராத்திரியில், காலையில் விமானம் மறுபடி கிளம்பும் முன்.

ஆலோசனையும் ஆணையும்

விரிசல் எங்கே வரும் என்று தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? ஹவாய் தீவுகளில் நடந்தது அதற்கான பதில்.

1988 ஏப்ரல் 28. அலோஹா எயார்லைன்ஸின் போயிங் 737 ஒன்று ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 24,000 அடி உயரத்தில் அதன் முன்பகுதிக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்கு அப்படியே பிய்ந்து பறந்தது. ஆம், லயத்துத் தகரம் மாதிரியே. பயணிகள் பட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டிருந்த பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. விமானிகள் எப்படியோ மாவி தீவில் இறக்கிவிட்டார்கள். விமானத்தில் இருந்த 95 பேரில் மற்ற எல்லாரும் பிழைத்தார்கள்.

அந்த விமானத்துக்கு 19 வயது. ஆனால் தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணமாக 89,680 தடவை பறந்திருந்தது. கடல் உப்புக் காற்று வேறு. தோல் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பொருத்துகளில் பசை விட்டுப்போய், சுமை முழுக்க ரிவெட் ஓட்டைகளின் மேல் விழுந்து, பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளில் பிறந்த சின்னச் சின்ன விரிசல்கள் ஒரே கணத்தில் கைகோர்த்துவிட்டன. ஏறும்போதே கதவுக்கு அருகே தோலில் ஒரு விரிசலைக் கண்ட பயணி ஒருவர் இருந்திருக்கிறார். நமக்கேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் எங்களை அதிகம் உறுத்தியது வேறொரு விடயம். இந்தப் பொருத்துகளில் பிரச்சினை இருப்பது முன்பே தெரியும். போயிங் நிறுவனம் எல்லாப் பொருத்துகளையும் பரிசோதிக்கும்படி அறிவித்தல் அனுப்பியிருந்தது. தயாரிப்பாளரின் அறிவித்தல் சட்டத்தின் பார்வையில் ஒரு ஆலோசனைதான். அரசின் விமானப் பாதுகாப்பு நிர்வாகம் ஆணை போட்டால்தான் அது கட்டாயம். 1987இல் ஆணை வந்தது. ஆனால் எல்லாப் பொருத்துகளுக்கும் இல்லை, மேலே இருந்த ஒரு வரிசைக்கு மட்டும். விபத்தை விசாரித்த வாரியம் முதலில் விமான நிறுவனத்தின் பராமரிப்பைக் குற்றம் சொன்னது. கூடவே, முழுப் பரிசோதனையையும் கட்டாயமாக்காமல் விட்ட அரச நிர்வாகத்தின் பங்கையும் எழுதிவைத்தது.

"பாத்தா நல்லது" என்பதற்கும் "பாக்காம பறக்கக் கூடாது" என்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். ஒரு கூரை அளவு.

அலோஹாவுக்குப் பிறகு 1991இல் அமெரிக்கா முதிய விமானங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2010இல் இன்னொரு படி மேலே போய், ஒவ்வொரு பெரிய விமான வகைக்கும் இத்தனை பயணம், இத்தனை மணிநேரம் என்று ஒரு முடிவெல்லை நிர்ணயிக்கச் சொன்னது. அதற்கு மேல் எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் பறக்கக்கூடாது.

இந்த ஆணைகள் அமெரிக்காவோடு நிற்பதில்லை. சர்வதேச சிவில் விமான அமைப்பின் விதிப்படி, வடிவமைத்த நாடு ஒரு குறையைக் கண்டுபிடித்தால் அதை மற்ற நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும். விமானம் பதிவாகியுள்ள நாடு அதன்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். இலங்கையில் பதிவான விமானங்களுக்கு அந்தப் பொறுப்பு நம்முடைய சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்கு. ஆணையில் என்ன இருக்கும் தெரியுமா? எந்த வகை விமானம், எந்தப் பாகம், எந்த முறையில், எத்தனை பயணத்துக்குள், விரிசல் இருந்தால் என்ன செய்வது. செய்து முடித்தவர் உரிமம் உள்ள ஒருவராக இருக்கவேண்டும், தன் பெயரில் ஒப்பமிட வேண்டும். கெடு தாண்டினால் விமானம் கிளம்ப முடியாது. முதலாளிக்கு அன்றைக்கு எவ்வளவு நட்டம் என்பது கணக்கிலேயே இல்லை.

2019 ஒக்டோபரில் இது எப்படி வேலை செய்கிறது என்று உலகம் பார்த்தது. போயிங் 737இன் முந்தைய தலைமுறை விமானங்களில், இறக்கையை உடலோடு பிணைக்கும் ஒரு பாகத்தில் எதிர்பாராத விரிசல் கண்டார்கள். 30,000 பயணம் தாண்டியவை எல்லாம் 7 நாளுக்குள் பார்க்கப்பட வேண்டும் என்று ஆணை. முதலில் பார்த்த 810 விமானங்களில் 38இல் விரிசல். அவை தரையில் நின்றன. யாரும் சாகவில்லை, அதனால் பெரிய செய்தியும் இல்லை.

பூச்சுக்குக் கீழே

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் பொய்யாகும். 1980இல் சைனா எயார்லைன்ஸின் ஒரு போயிங் 747 ஹொங்கொங்கில் இறங்கும்போது வாலைத் தரையில் உரசியது. கீறல் விழுந்த தோலை முழுக்க வெட்டி எடுக்காமல், அதன்மேல் ஒரு தகட்டை வைத்து மூடினார்கள். பார்ப்பதற்கு நேர்த்தியான வேலை. தகட்டுக்குக் கீழே கீறல் விரிசலாகி, 22 வருஷம் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்தது. 2002 மே 25ஆம் திகதி அந்த விமானம் தாய்வான் நீரிணைக்கு மேலே துண்டு துண்டானது. 225 பேர். பயணிகள் சிகரெட் பிடிக்க அனுமதி இருந்த காலத்துப் புகைக் கறை, தகட்டின் ஓரத்தில் வெளியே கசிந்து தெரிந்திருக்கிறது. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

இதை வாசித்தபோது எங்களுக்கு லயத்துச் சுவர்கள்தான் ஞாபகம் வந்தன. விரிசல் விட்ட சுவருக்கு, யாராவது பெரிய ஆள் வருகிறார் என்றால் மேலால் சீமெந்து பூசி வெள்ளை அடிப்பார்கள். கீழே மண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியதை நம் தலைமுறை மறக்காது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. ஆபத்து தெரியாமல் நடந்தது இல்லை. விரிசலைப் பார்க்க ஆள் இருந்தது, எழுதியும் வைத்தார்கள். ஆனால் அது ஆலோசனையாகவே கிடந்தது. கெடு இல்லை, கெடு தாண்டினால் எதுவும் நிற்கவும் இல்லை. அலோஹாவின் கூரையும் மீரியபெத்தையின் மலையும் இந்த ஒரு இடத்தில் ஒன்றுதான்.

எங்கள் அக்கா குவைத் போன விமானத்தின் ஒவ்வொரு ரிவெட்டுக்கும் எங்கேயோ ஒரு திகதியும் ஒரு ஒப்பமும் இருக்கிறது. அவர் பிறந்து வளர்ந்த காம்பராவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. விமானத்துக்கு அது கிடைத்தது யாருடைய பெருந்தன்மையாலும் அல்ல. எல்பா, நேப்பிள்ஸ், லுசாகா என்று ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் "காற்று" என்ற விடையோடு நிற்காமல் தோண்டிக் கேட்டதால் கிடைத்தது.

போன மாதம் நாங்கள் ஒரு சின்ன வேலை செய்தோம். எங்கள் லயத்தில் விரிசல் விட்ட ஒவ்வொரு சுவரிலும், விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, திகதி எழுதினோம். விமானம் பார்ப்பவர்களிடம் படித்ததுதான்: வளர்கிறதா என்று தெரிய, முதலில் எங்கே நின்றது என்று தெரிய வேண்டும். மொத்தம் 11 இடம். ஒரு கொப்பியில் வரிசையாகக் குறித்து, கீழே எங்கள் பெயரையும் எழுதினோம். அந்தக் கொப்பியை வாங்கிக்கொண்டு ஒப்பமிட யார் இருக்கிறார்கள் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு மறுபடி பார்ப்போம்.

அம்மாயி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கூரையில ஏறிப் பாக்கலியா?" என்று கேட்டார்.

ஏறினோம்.